மேஸ்திரியின் துடுப்பைக் கிழித்தது யார்

1

இது கதையாக வேண்டியதே இல்லை. ஒரு பக்கக் கட்டுரையாக எழுதித் தருவதாகத்தான் ஒப்புக்கொண்டேன். வீட்டுப் பராமரிப்பு இதழ் ஒன்றுக்குப் பல வருடமாகக் குறிப்புகள் எழுதுகிறேன். மெத்தையில் பட்ட மைக்கறையை எப்படி எடுப்பது, கற்றாழை ஏன் அடியில் அழுகுகிறது, கதவு கிறீச்சிட்டால் எதைத் தடவுவது. கீழே என் பெயர் வராது. பெயர் போடும் அளவுக்கு அதில் ஒன்றும் இருப்பதில்லை. இந்த மாதம் இதழாசிரியர் போன் செய்தார்.

“உங்க வீட்டுல ஒரு ஃபைட்டர் மீன் அடிபட்டுப் பிழைச்சுதுன்னு சொன்னீங்கல்ல, அதையே எழுதிடுங்க. நிறைய பேர் கேக்குறாங்க. கடைசியில மட்டும் கொஞ்சம் நம்பிக்கையா முடிச்சிடுங்க.”

சரி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். இவ்வளவு வந்தது:

“ஆண் ஃபைட்டர் மீன்கள் இரண்டை ஒரே தொட்டியில் விடக் கூடாது. தெரியாமல் விட்டுவிட்டால் உடனே பிரித்து, காயம்பட்டதைத் தனித் தொட்டிக்கு மாற்ற வேண்டும். தெரியாமல் விட்டவர்”

அங்கே நின்றுவிட்டது. எழுவாய் இருக்கிறது, பயனிலை இல்லை. மீன் என்ன செய்ய வேண்டும், தண்ணீர் எப்படி இருக்க வேண்டும் என்றெல்லாம் எழுதலாம். தெரியாமல் விட்டவர் என்ன செய்ய வேண்டும் என்று நான் இதுவரை எந்தக் குறிப்பிலும் எழுதியதில்லை. எழுதப் போனால் கட்டுரை கை மீறிப் போகிறது. கை மீறிப் போனதுதான் இது. இதழுக்கு இதை அனுப்பப் போவதில்லை.

2

தொடக்கங்கள்.

“கண்ணாடிக்குள் ஒரு சிவப்புப் பூவும் ஒரு நீலப் பூவும்” — வேண்டாம். அன்றைக்கு அதைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கும் பூவாகத்தான் தெரிந்தது. வினையே அதில்தான்.

“கப்பலில் தலைமைப் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்ற அந்தப் பெரியவர்” — இது பொய். அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஆளைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தால் கீழே விழும்போது வாசகருக்குக் கூடுதலாக வலிக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். லிஃப்ட்காரர் விழுந்தால் வலிக்காதா என்ன.

“அப்பாவுக்கு மறதி.” இதிலிருந்து போகலாம்.

அப்பாவுக்கு மறதி. அம்மா போன பிறகு வந்தது என்று உறவுக்காரர்கள் சொல்கிறார்கள். அதற்கு முன்பே வந்துவிட்டது, அம்மா மூடி மூடி வைத்திருந்தாள். யாராவது ஏதாவது கேட்டு அவர் விழித்தால் அம்மா முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவாள். அவள் போனதும் கேள்விகள் எல்லாம் நேராக வந்து அவர் மேல் விழுந்தன. என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். நான் தனியாக இருப்பவள், வேலையும் வீட்டிலேயே. அண்ணன் இருப்பது விமானத்தில் போகும் தூரம்.

“அவர் பார்த்துக்குற மாதிரி ஏதாவது ஒண்ணு குடுங்க” என்றார் டாக்டர். “சின்னதா. தினமும் ஒரே மாதிரி வேலை வர்ற மாதிரி.”

ஒரு சிவப்பு ஃபைட்டர் மீன் வாங்கி வந்தேன். அது தொட்டியின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போகும், நிற்கும், எதையோ சரிபார்ப்பதுபோல் பார்க்கும், திரும்பி வரும். அப்பா அதற்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தார். “இவன் வேலை ஒண்ணும் செய்ய மாட்டான். சுத்திச் சுத்தி வந்து மத்தவன் செய்யிறதைப் பாப்பான்.” காலையில் மேஸ்திரிக்குத் தீனி போடுவது அவர் பொறுப்பு. சில நாள் மறந்துவிட்டு மறுபடியும் போடுவார், நான் வடிகட்டியால் எடுத்துவிடுவேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பிறகு என் எழுத்து மேசைக்கு ஒரு நீல மீன் வாங்கினேன். தோகை போல வால், நடையில் ஒரு மிதப்பு. அதற்கு மாப்பிள்ளை என்று பெயர். அது என் அறையில், மேஸ்திரி கூடத்தில். ஒன்று இருப்பது மற்றதற்குத் தெரியாது.

3

அன்று மருந்துக்கடைக்குப் போயிருந்தேன். [முதலில் இங்கே “சும்மா ஐந்து நிமிடம்தான்” என்று எழுதியிருந்தேன். யாரும் கேட்காமலே சொல்லும் சாக்கு. எடுத்துவிட்டேன். வரிசை நீளமாக இருந்தது.]

திரும்பி வந்தபோது அப்பா மேஸ்திரியின் தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் டீ வடிகட்டி. சட்டைக் கை முழங்கை வரை நனைந்திருந்தது. அம்மா போன பிறகு நான் பார்த்தே இராத ஒரு சிரிப்பு முகத்தில்.

“வா பாப்பா, வந்து பாரு. எப்படி விளையாடுதுங்க.”

தொட்டியில் இரண்டு மீன்கள். இரண்டும் செவிள்களைக் குடைபோல் விரித்து, ஒவ்வொரு துடுப்பையும் கடைசி நுனிவரை விரித்து, ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருந்தன. இந்த மீன் தன் முழு அழகையும் எடுத்துக் காட்டுவது கொல்லத் தயாராகும்போது. தண்ணீர் முழுக்கச் சிவப்புத் துணுக்குகள், நனைந்த காகிதத்தைப் பிய்த்துப் போட்டதுபோல.

“என்னப்பா பண்ணீங்க?”

“உன் ரூம்ல ஒண்ணு தனியா கெடந்துச்சு. இங்க ஒண்ணு தனியா கெடக்குது. ஒரே வீட்டுல எதுக்குத் தனித்தனியா? பாவம் இல்ல?”

வடிகட்டியைப் பிடுங்கி மாப்பிள்ளையை எடுத்தேன். அதற்குச் சில செதில்கள் போனதோடு சரி. மேஸ்திரி சாய்ந்தபடியே அடியில் போய்ப் படுத்துவிட்டது. வாலில் பாதி இல்லை. முதுகுத் துடுப்பு, பல் உடைந்த சீப்பு.

அப்பா என் முகத்தைப் பார்த்தார். மீனைப் பார்த்தார். மறுபடியும் என் முகத்தை.

“சண்டையா போட்டுச்சுங்க?”

“ஆமாப்பா.”

“நானா விட்டேன்?”

“ஆமாப்பா.”

அம்மாவின் காரியத்தில்கூட நான்கு பேர் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றவர், ஈரச் சட்டைக் கையை முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

4

இந்தப் பகுதியை மட்டும் கத்தரித்து இதழுக்குத் தரலாம்.

காயம்பட்ட மீனுக்குக் கல்லும் பிளாஸ்டிக் செடியும் இல்லாத வெறும் தொட்டி வேண்டும். கிழிந்த துடுப்பு எதிலாவது மாட்டினால் இன்னும் கிழியும். துடுப்பை வளரவைக்கும் மருந்து என்று தனியாக ஒன்றும் இல்லை. சுத்தமான தண்ணீர், அதே சூட்டில், தினமும் கொஞ்சம் எடுத்துக் கொஞ்சம் விட வேண்டும். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரினை முறிக்கும் சொட்டு மருந்து கலந்து விட வேண்டும். காய்ந்த வாதாம் இலை ஒன்றைப் போட்டால் தண்ணீர் வெளிறிய டீ நிறத்துக்கு வரும், மீனுக்கு அது இதம். துடுப்பின் ஓரம் கறுத்தாலோ, பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளையாகப் படிந்தாலோ அழுகல் பிடிக்கிறது என்று அர்த்தம். எதிரியின் தொட்டி பக்கத்தில் இருந்தால், பார்க்காதபடி நடுவில் ஓர் அட்டை. மற்றபடி, காத்திருப்பது.

மீன் கடைக்கார அக்காவுக்கு அப்பாவைத் தெரியும். வாதாம் இலையைத் தேடி எடுத்துக்கொண்டே, “எதுக்கு இவ்வளவு பாடு?” என்றாள். “அதே சிவப்புல புதுசு ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. அவருக்கு வித்தியாசம் தெரியவா போகுது?”

“அவருக்குத் தெரியாதுதான்.”

“அப்புறம் என்ன?”

இலையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அப்பா அந்த வெறும் தொட்டிக்குப் பக்கத்தில் குனிந்து பேசுவார். மாடிகளுக்கு நடுவில் லிஃப்ட் நின்றுபோனால், கருவிப் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் கதவு இடுக்கில் வாய் வைத்து உள்ளே இருப்பவர்களிடம் பேசுவது அவர் வழக்கம். அதே குரலில் மீனிடம் பேசினார். “பயப்படாதீங்க. உள்ள காத்து வரும். கதவைத் தள்ளாதீங்க. நான் இங்கதான் நிக்கிறேன்.” மேஸ்திரி அடியில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. கேட்டதா என்று தெரியாது. நான் கேட்டேன்.

5

ஆனால் காலையில் எழுந்ததும் கேள்வி வரும்.

“பாப்பா, இதுக்கு என்னாச்சு?”

முதலில் உண்மையைத்தான் சொன்னேன். சொன்ன ஒவ்வொரு முறையும் அது அவருக்குப் புதுச் செய்தி. “நானா?” என்பார். முகம் ஒருமாதிரி சுருங்கிக் கூடிக்கொண்டு வரும். பிறகு அழுகை. ஒரே சாவை ஒரே ஆளிடம் தினமும் போய் முதன்முதலாகச் சொல்வதுபோல் இருந்தது.

அண்ணன் போனில் அதட்டினான். “உனக்கு என்ன பைத்தியமா? எதுக்கு உண்மையைச் சொல்ற? பொறவியிலயே அப்படித்தான்னு சொல்லு. மீனைப் பாக்குற நேரத்துல அவரைப் பாரு.”

மறுநாள் சொன்னேன். “பொறவியிலயே அப்படிப்பா.”

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொட்டிக்குப் பக்கத்தில் போனார். லிஃப்ட் கம்பி எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது, எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று பார்த்துப் பழகிய கண்.

“இல்ல. பொறவியில இப்படி இருக்காது. இது பிஞ்சது.”

“இன்னொரு மீன் கடிச்சுடுச்சுப்பா.”

“ஃபைட்டர் மீனு, ரெண்டு ஒண்ணா இருக்காதே. யாரு விட்டது?”

அவரே தேட ஆரம்பித்தார். கண் கூடத்தைச் சுற்றியது, சமையலறைப் பக்கம் போனது, மாட்டியிருந்த வடிகட்டியில் வந்து நின்றது. முகம் கூடிக்கொண்டு வந்தது.

“நானா?”

“இல்லப்பா. நான்தான்.”

[இதை மகள் சொன்னது அப்பாவின் மேல் இருந்த — இந்த வாக்கியத்தை இங்கேயே விடுகிறேன். அன்பு என்று முடிக்கப் போனேன். அலுப்பு என்றும் முடிக்கலாம். அன்றைக்கு இன்னொரு அழுகையை என்னால் பார்க்க முடியாது, அது மட்டும் நிச்சயமாகத் தெரியும்.]

அப்பா நிமிர்ந்தார். “நீயா? அறிவிருக்காடி உனக்கு? வாயில்லாத ஜீவன். எத்தனை வயசாகுது உனக்கு, இதுகூடத் தெரியாதா?” மதியம் வரை திட்டினார். பழைய குரல். சின்ன வயதில் சைக்கிளை வெயிலில் போட்டதற்குத் திட்டிய அதே குரல், வாக்கியங்கள் எங்கேயும் அறுந்துபோகாமல். அழவில்லை. மதியம் நன்றாகச் சாப்பிட்டார். மருந்து கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். அடுத்த நாளும் கேட்டார், அடுத்த நாளும் நான்தான் என்றேன். அதற்கடுத்த நாளும்.

6

எனக்குத் தெரியாமல் போனது இதுதான்: செய்தி போய்விடும், அதன் சூடு போகாது.

கொஞ்ச நாளில் அவர் மீனைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டார். நான் சொன்னது எதுவும் அவருக்கு நினைவில் இல்லை. ஆனால் தண்ணீர் மாற்ற நான் தொட்டியின் பக்கம் போனால் எழுந்து வந்து நடுவில் நிற்பார். தட்டை வைத்தால் என் கையைப் பார்ப்பார். மாத்திரையை நீட்டினால் வாயை இறுக்கி மூடிக்கொள்வார்.

“ஏம்ப்பா வேணாம்?”

அவரும் உண்மையாகவே காரணத்தைத் தேடிப் பார்த்தார். “தெரியல” என்றார். “உன் கையால வேணாம்.”

ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். “அப்பா, நான் பொய் சொன்னேன். மீனை ஒண்ணா விட்டது நான் இல்ல. நீங்கதான். தனியா இருக்குதேன்னு விட்டீங்க. நல்லதுன்னு நெனச்சுதான் விட்டீங்க.”

ரொம்ப மெதுவாக, “இப்ப பழியைத் தூக்கி என் மேல போடுறியா?” என்றார்.

7

கதையை நிறுத்திவிட்டு ஒன்று சொல்ல வேண்டும். இந்த மகளை எனக்குப் பிடிக்கவில்லை. எழுத எழுத அவள் தியாகியாகிக்கொண்டே போகிறாள். பழியை ஏற்கிறாள், பேச்சு வாங்குகிறாள், தண்ணீர் மாற்றுகிறாள். இப்படி ஒருத்தி என் பக்கத்து வீட்டில் இருந்தால் நான் கதவைச் சாத்திக்கொள்வேன். ஆனால் அவளைக் கொஞ்சம் கெட்டவளாக ஆக்கலாம் என்றால், அதற்கு நான் எதையாவது இட்டுக்கட்ட வேண்டும். அவள் அந்த நாட்களில் குளிக்காமல் கிடந்ததும், மாப்பிள்ளையின் தொட்டியைப் பார்த்து “சனியனே” என்று சொன்னதும் உண்மை. அதற்கு மேல் கைவசம் ஒன்றும் இல்லை.

அண்ணனைப் பற்றியும் சந்தேகம். போனில் மட்டும் அதட்டுகிற ஆளாக வைத்திருக்கிறேன், கதைக்கு அது வசதி. அவன் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தான். அப்பா அவன் கையால் ஒழுங்காகச் சாப்பிட்டார், மாத்திரை போட்டுக்கொண்டார். ஒரு மதியம் அப்பாவின் பழைய வேலைச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்து அண்ணன் அழுததைப் பார்த்தேன். அதை எழுதினால் கோபித்துக்கொள்ள எனக்கு ஆள் இல்லாமல் போகிறது. எழுதிவிட்டேன்.

இன்னொன்று. மேஸ்திரிக்குத் துடுப்பு வளர ஆரம்பித்ததும் இந்த நாட்களில்தான். நீங்கள் உடனே ஒன்றை இன்னொன்றோடு சேர்த்துக் கட்டப் பார்ப்பீர்கள், எனக்கும் கை அரிக்கிறது. வேண்டாம். ஒரு மீனுக்குத் துடுப்பு வளர்ந்தது. வேறு ஒருவருக்கு வேறு ஒன்று தேய்ந்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

8

துடுப்பு வளர்வது முதலில் கண்ணுக்குத் தெரியாது. கிழிந்த ஓரத்தில் கண்ணாடிபோல் ஒரு மெல்லிய கரை கட்டும். தொட்டியின் பின்னாலிருந்து வெளிச்சம் விழுந்தால்தான் தெரியும். பிறகு அதில் நிறம் ஏறும். மேஸ்திரிக்குப் புது வால் கொஞ்சம் கோணலாக வந்தது, பழைய சிவப்பைவிடக் கறுப்பாக, ஒட்டுப்போட்ட துணிபோல. அடியிலிருந்து எழுந்து பழையபடி இந்த முனைக்கும் அந்த முனைக்கும் போக ஆரம்பித்தது.

அண்ணனின் விடுப்பு முடிய இருந்தது. “நான் போனதும் யார் கையால சாப்பிடுவாரு?” என்று கேட்டான். பதில் இருவருக்கும் தெரியும். மறதிக்காரர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றை அவன் முன்பே பார்த்து வைத்திருந்தான். நான் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அப்பாவே என்னை எதிர்த்திருப்பார்.

காரில் ஏறிய பிறகு அப்பா கேட்டார். “மீனை யாரு பாத்துக்குவா?”

“பாப்பா பாத்துக்குவாப்பா” என்றான் அண்ணன்.

அப்பா கதவைத் திறந்துகொண்டு இறங்கப் பார்த்தார். பிடித்து உட்காரவைத்து, பெல்ட்டை மாட்டி, கதவைச் சாத்தினான். நான் வாசலில் நின்றேன். கார் திரும்பும்வரை அவர் கண் என் மேல்தான் இருந்தது. பாசமாக என்று எழுத ஆசையாக இருக்கிறது. கண்காணிப்பாக என்பதுதான் சரி.

9

இதழாசிரியர் கேட்ட நம்பிக்கையான முடிவு: மகள் குணமான மீனை ஒரு ஜாடியில் எடுத்துக்கொண்டு இல்லத்துக்குப் போகிறாள். அப்பா ஜாடியைப் பார்க்கிறார். ஏதோ ஒன்று உள்ளே அசைகிறது. “பாப்பா” என்கிறார். முற்றும். இந்த முடிவில் எழுத்துப் பிழைகூட இல்லை. உண்மையைச் சொன்னால், இதை நம்பித்தான் நான் ஜாடியைத் துணிப்பைக்குள் வைத்துப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

இன்னொரு முடிவு: வழியில் பேருந்து குலுங்கி ஜாடி உடைகிறது. மேஸ்திரி சாகிறது. இது கொஞ்சம் இலக்கியமாக இருக்கும். ஆனால் மேஸ்திரி சாகவில்லை. இப்போதும் இதோ, இந்த முனைக்கு வந்து நின்று நான் எழுதுவதைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறது.

10

இல்லத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். முகம் மழித்து, சுத்தமான சட்டை. கன்னம்கூடக் கொஞ்சம் பூசியிருந்தது. சாப்பிடுகிறார் என்று நர்ஸ் சொன்னாள். யார் கொடுத்தாலும் சாப்பிடுகிறார்.

ஜாடியை அவர் மடியில் வைத்தேன். முகம் மலர்ந்துவிட்டது.

“மேஸ்திரி” என்றார். ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, வாலைப் பார்த்தார். “அட. வளந்துடுச்சே. பாத்தீங்களா, இங்க நெறம் வேற.” புது வாலின் ஓரத்தை விரலால் கண்ணாடியின் மேலேயே தடவிக் காட்டினார். “யாரு பாத்துக்கிட்டது இதை?”

“நான்தாங்க” என்றேன். அவர் நீங்க என்றதும் எனக்கும் அப்படியே வந்துவிட்டது.

“நல்லா பாத்திருக்கீங்கம்மா. பொறுமை வேணும் இதுக்கு.” என்னைப் பார்த்துச் சிரித்தார். என் வீட்டில் கடைசி நாட்களில் ஒருமுறைகூட அந்தச் சிரிப்பு எனக்குக் கிடைக்கவில்லை. “உங்களுக்கு அப்பா அம்மா இருக்காங்களா?”

“அப்பா இருக்காரு.”

“குடுத்து வெச்சவரு.”

பிறகு சிரிப்பு போய்விட்டது. கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, ஜாடியை என் கையில் வைத்து, என் விரல்களை அதைச் சுற்றி மடக்கினார். கை சூடாக இருந்தது. குரலைத் தாழ்த்தினார்.

“இங்க வெச்சுக்க விட மாட்டாங்க. நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க. ஒண்ணு மட்டும் எனக்கு நீங்க சொல்லணும்.”

“என்னங்க?”

“எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. இதை இப்படிப் பண்ணினது அவதான். ஏன் பண்ணினான்னு தெரியல, சின்ன வயசுல நல்ல பொண்ணுதான். அவ வந்து கேட்டா குடுத்துடாதீங்க. என்ன சொன்னாலும் குடுத்துடாதீங்க. குடுக்க மாட்டேன்னு எனக்கு வாக்குக் குடுங்க.”

என் விரல்களை விடவில்லை. ஜாடிக்குள் தண்ணீர் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

நான் அவருக்கு ஒரு பதில் சொன்னேன். அதைச் சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தேன், பேருந்து ஏறினேன். ஆனால் அதை இங்கே எழுத வரவில்லை. பலவிதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். வாக்குக் கொடுத்தால் அந்த மகள் இனி எப்போதும் வேறு ஒருத்தி. நான்தான் அது என்று சொன்னால் ஜாடியையும் என்னையும் பார்த்து அந்த முகம் மறுபடியும் கூடிக்கொண்டு வரும். ஆகவே இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

“. . . . . . . .” என்றேன்.

நீங்களே ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். அவசரமில்லை, அவர் கையை எடுக்கப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் எதை எழுதினாலும் அவர் நம்பிவிடுவார்.